மாதவிலக்கு முறையாக வரவில்லையா? காலண்டரில் தொடங்கி ஸ்கேன் வரை, வரிசைப்படி ஒரு வழிகாட்டி

மகளிர் புறநோயாளர் பிரிவில் டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மேசை இருக்கும். ஓபி சீட்டை வாங்கி வயது, கல்யாணம், குழந்தைகள், கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாம் எழுதி உள்ளே அனுப்பும் மேசை. அங்கே பதினாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நான் செவிலியர், டாக்டர் இல்லை. அதனால் எந்த மருந்து சாப்பிட வேண்டும் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த வரிசையில்தான்: ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருக்கும், கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டால் தேதி தெரியாது.

1. காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் தேதி எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்கிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது, மூச்சு வாங்குகிறது. நாள் தள்ளிப்போன பிறகு அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாக, கடும் வலி இருக்கிறது. கூடவே லேசாக ரத்தமும் படலாம். பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிறகு காய்ச்சலும் துர்நாற்றத்தோடு ரத்தப்போக்கும் இருக்கிறது.

ஒரு பக்க வலிக்குக் காரணம் கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டதாக இருக்கலாம். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளே போகும். வெளியே கொஞ்சமாகத்தான் படும். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்து "லேசாத்தானே இருக்கு" என்று இருந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, அவசரம் இல்லை என்றாலும் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டியது: மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் முழுசாக ஆன பிறகு மறுபடி ரத்தம் படுவது. ஒரு சொட்டு என்றாலும் காட்ட வேண்டும். "உடம்பு சூடு" என்று மோர் குடித்துவிட்டு இருக்கக் கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் அதை நம்பலாம்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மாதக் காலண்டர். தினமும் கிழிக்கும் காலண்டரில் குறித்தால் குறித்த தாளே மறுநாள் குப்பைக்குப் போய்விடும். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. "குறிச்சேன் சிஸ்டர், கிழிச்சுட்டாங்க" என்று வருஷத்துக்கு நாலு பேராவது சொல்கிறார்கள். போனில் செயலி வைத்திருந்தால் அதுவும் சரிதான். ஆனால் "அடுத்த மாதவிலக்கு இந்தத் தேதி", "கரு உருவாகும் நாள் இது" என்று அது சொல்வதை நம்ப வேண்டாம். செயலி உங்கள் பழைய தேதிகளின் சராசரியை வைத்து ஊகிக்கிறது. முறை தப்பியவர்களுக்கு அந்த ஊகம் பொருந்தாது.

இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். காலி அட்டையானாலும் பரவாயில்லை. பழைய பரிசோதனைச் சீட்டுகள். இன்றைய எடை, முடிந்தால் ஒரு வருஷத்துக்கு முன்னால் இருந்த எடையும்.

3. "முதல் நாள்" எது என்று முடிவு செய்யுங்கள்

இந்த இடத்தில் தப்பினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நாள் என்பது நாப்கின் வைக்கும் அளவுக்கு ரத்தம் தொடங்கிய நாள். முந்தின இரண்டு நாள் பழுப்பாகக் கறை மட்டும் பட்டிருந்தால் அது கணக்கில் வராது. அதைத் தனியாக ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள். பிறகு பயன்படும்.

நம் ஊரில் பெரிய குழப்பம் தலைக்குக் குளிப்பதில் வருகிறது. "கடைசியா எப்போ குளிச்சீங்க?" என்று கேட்பது இங்கே பழக்கம். சில வீட்டில் முதல் நாளே குளிப்பார்கள், சில வீட்டில் மூன்றாம் நாள், சிலர் ஐந்தாம் நாள். மாமியார் வீட்டுக்குப் போனதும் குளிக்கும் நாளே மாறிவிடும். ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் முதல் நாள் தேதியையும் பின்னால் மூன்றாம் நாள் தேதியையும் எழுதி வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தள்ளிப்போகிறது என்று கவலையோடு வந்தார். தள்ளிப்போனது குளியல்தான்! ரத்தம் தொடங்கிய நாளை மட்டும் எழுதுங்கள்.

தேதி ஞாபகம் இல்லாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். ஊர்த் திருவிழா, அமாவாசை, உறவினர் கல்யாணம், தேர்வு என்று அப்போது நடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு "அதற்கு முன்னாலா, பின்னாலா" என்று யோசியுங்கள். அன்றைக்குக் கோயிலுக்குள் போனோமா, வெளியே நின்றோமா என்பது பலருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தமிழ்த் தேதியில் ஞாபகம் வந்தால் காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

4. இடைவெளியை எண்ணுங்கள்

ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எத்தனை நாள் என்பதுதான் இடைவெளி. ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணக் கூடாது. அப்படி எண்ணினால் எல்லோருக்கும் ஐந்தாறு நாள் குறைந்து காட்டும்.

உதாரணம் ஒன்று. 2025 ஜனவரி 3, ஜனவரி 29, பிப்ரவரி 24, மார்ச் 22. "ஜனவரியில் ரெண்டு தடவை வந்துடுச்சு, அப்புறம் ஒவ்வொரு மாசமும் முன்னாடியே வருது" என்பது புகார். எண்ணிப் பாருங்கள்: 26, 26, 26. கடிகாரம் போல் வருகிறது. மாதத்துக்கு 30, 31 நாள் இருப்பதால் தேதி மட்டும் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. இவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

உதாரணம் இரண்டு. ஜனவரி 10, பிப்ரவரி 11, மார்ச் 11, ஏப்ரல் 14. இடைவெளி 32, 28, 34. மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் வித்தியாசம் 6 நாள். இதுவும் முறையானதுதான்.

உதாரணம் மூன்று. ஜனவரி 5, பிப்ரவரி 19, மார்ச் 17, மே 20. இடைவெளி 45, 26, 64. வித்தியாசம் 38 நாள். இதுதான் முறை தப்பியது.

எல்லை எது என்று கேட்டால், உலக அளவில் மகப்பேறு மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிகோ 2018-இல் திருத்தி வெளியிட்ட அளவுகளைத்தான் பல டாக்டர்களும் பின்பற்றுகிறார்கள். இடைவெளி 24 முதல் 38 நாள் வரை. ரத்தம் 8 நாள் வரை. குறைந்ததற்கும் அதிகமானதற்கும் வித்தியாசம் வயதைப் பொறுத்து 7 முதல் 9 நாள் வரை. 28 என்பது ஒரு சராசரி எண். எல்லோருக்கும் அது வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு மாதம் பத்து நாள் தள்ளிப்போனதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, இரவுப் பணி மாற்றம் எதுவும் ஒரு முறை தள்ளிப்போக வைக்கும். காரணம் இதுதான்: முதல் நாளிலிருந்து கருமுட்டை வெளியேறும் வரை உள்ள பகுதி கூடும், குறையும்; முட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை ஏறக்குறைய 14 நாள், அது அவ்வளவாக மாறாது. உடம்பு சிரமப்படும்போது முட்டை வெளியேறுவது தாமதமாகிறது, மாதவிலக்கும் அதோடு நகர்கிறது. மூன்று இடைவெளியாவது கையில் இருந்தால்தான் பேச முடியும், ஆறு இருந்தால் நல்லது. ஆனால் 90 நாள் வராமலே இருந்தால் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் காட்டுங்கள்.

5. கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை, பப்பாளி, எள்ளுருண்டை, கருஞ்சீரகம் எல்லாவற்றுக்கும் முன்னால் இது.

மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் 'நிஷ்சய்' என்ற பெயரில் இலவசமாகவும் தருகிறார்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரில் செய்யுங்கள், அதில் கர்ப்ப ஹார்மோன் செறிவாக இருக்கும். அட்டையில் சொன்ன நிமிஷத்துக்குள் பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்து ஏதோ தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம்.

முறையாக வருகிறவர்களுக்கு "நாள் தள்ளிய பிறகு" என்று சொன்னால் புரியும். முறை தப்பியவருக்கு எது தள்ளிய நாள்? கடைசியாகத் தாம்பத்திய உறவு இருந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்யுங்கள். அப்போது இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

"எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சு, இது எதுக்கு?" என்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அபூர்வமாகக் கரு தங்கும். தங்கினால் குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பால் கொடுக்கும் தாய்மார்களும் இதில் ஏமாறுகிறார்கள். மாதவிலக்கு திரும்ப வருவதற்கு முன்பே முட்டை வெளியேறிவிடும். ஆகவே "இன்னும் வரவே இல்லையே" என்று இருக்கும்போதே அடுத்த குழந்தை தங்கிவிடலாம்.

கல்யாணம் ஆகாத பெண்ணிடம் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் பதில் வராது. உயரம், எடை பார்க்க என்று சொல்லித் தனியாக அழைத்துப் போய்க் கேட்பேன். வீட்டில் பெரியவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: ஐந்து நிமிஷம் வெளியே உட்காருங்கள்.

6. மாத்திரைப் பட்டியல் எழுதுங்கள்

முறை தப்பியதற்குக் காரணம் பல சமயம் கைப்பையிலேயே இருக்கிறது. "மாத்திரை எதுவும் சாப்பிடலை" என்று சொல்பவரிடம் "வாயுவுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு அட்டை வெளியே வரும்.

வாயு, நெஞ்செரிச்சலுக்குத் தரும் கலப்பு மாத்திரைகளில் டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். இரண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றும். அது ஏறினால் முட்டை வெளியேறுவது தடைபட்டு மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு மார்பில் பால் கூடக் கசியும். மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவையும் இதைச் செய்யும். வலிப்புக்கான வால்ப்ரோயேட் முறை தப்ப வைக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் போக்கை அதிகமாக்கும். தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தையும் மனநல மருந்தையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் போதும்.

கருத்தடை முறைகளையும் பட்டியலில் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசியில் விட்டுவிட்டுப் படுவதும், பிறகு மாதவிலக்கு வராமலே இருப்பதும் எதிர்பார்க்கக் கூடியவை. 'சாயா' மாத்திரையிலும் இடைவெளி நீளும். காப்பர்-டி போட்டவர்களுக்கு, முக்கியமாக முதல் சில மாதங்கள், ரத்தம் அதிகமாகவும் வலியோடும் போகும். பிரசவத்தின்போதே காப்பர்-டி போட்டதை மறந்தே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்ட மாதம் ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம்.

அப்புறம், விசேஷத்துக்காக நாளைத் தள்ளிப் போடும் மாத்திரை. நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம், சபரிமலைக்கு வீட்டில் ஒருவர் மாலை போட்டது என்று காரணம் எப்போதும் இருக்கும். அதில் இருப்பது நோரெதிஸ்டிரோன். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும், சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே. ஒரே வருஷத்தில் நாலு விசேஷத்துக்கு இதைப் போட்டுவிட்டு "முறையா வர மாட்டேங்குது" என்றால், அந்த நாலு மாதத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிட்ட மாதங்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

7. உங்கள் வயதுக்கு எது இயல்பு என்று பாருங்கள்

மேலே சொன்ன 24–38 கணக்கு நடு வயதுக்காரர்களுக்கு. இரண்டு ஓரங்களிலும் அது பொருந்தாது.

வயதுக்கு வந்து முதல் வருஷம் எப்படி வேண்டுமானாலும் வரலாம். மூளையும் சினைப்பையும் ஒன்றோடொன்று பேசிப் பழகும் காலம் அது. ஒன்று முதல் மூன்று வருஷம் வரை 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பு. அதற்குப் பிறகு பெரியவர்கள் கணக்குக்கு நெருங்கி வந்துவிட வேண்டும். முதல் வருஷம் கழிந்த பிறகு ஒரே ஒரு முறை 90 நாளைத் தாண்டினாலும் காட்டுங்கள். 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலும் காட்டுங்கள்.

சின்னப் பெண்களில் தாமதத்தைவிட அதிகப் போக்கைத்தான் வீட்டில் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆரம்பத்திலிருந்தே எட்டு நாளுக்கு மேல் கொட்டுகிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, சும்மா இடித்துக்கொண்டாலே கன்றிப்போகிறது என்றால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். இதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள், கேட்க மறந்துவிடுவார்கள்.

மறு ஓரத்தில், நாற்பதுகளில் இடைவெளி முதலில் சுருங்கும், பிறகு நீளும், பிறகு ஒரு நாள் நிற்கும். நம் நாட்டில் 46, 47 வயதை ஒட்டி நின்றுவிடுகிறது. 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றதாகப் பொருள். 40 வயதுக்கு முன்பே நிற்பதுபோல் இருந்தால் அது தனியாகக் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் எலும்பும் இதயமும் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நம்பி இருக்கின்றன. "நிக்கிற வயசு, அப்படித்தான் கொட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. நிற்கிற வயதில் தள்ளிப் போகலாம். கட்டி கட்டியாகக் கொட்டுவதை இயல்பு என்று விட முடியாது.

8. எந்த வகை என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"முறையா வரலை" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. அதற்குள் குறைந்தது நாலு வேறு விஷயம் இருக்கிறது.

தள்ளிப் போவது: பெரும்பாலும் முட்டை வெளியேறாததால். பிசிஓஎஸ் (பேச்சில் 'நீர்க்கட்டி' என்று சொல்லும் சினைப்பை ஹார்மோன் கோளாறு), தைராய்டு, புரோலாக்டின், எடை மாற்றம், மன அழுத்தம் எல்லாம் இந்தக் கூடையில்.

தள்ளிப்போய், வந்தால் நிற்காமல் கொட்டுவது: இதற்கும் அதே காரணங்கள்தான். முட்டை வெளியேறாவிட்டால் கர்ப்பப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். அதை ஒழுங்காகக் கழற்றிவிடும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்காது. கடைசியில் தாங்க முடியாமல் துண்டு துண்டாகக் கழன்று வரும். இரண்டு மாதம் வராமல் மூன்றாம் மாதம் இருபது நாள் போகும் கதை இதுதான். "சேர்ந்திருந்த கெட்ட ரத்தம் போகுது" என்று விட்டுவிட்டால் உடம்பில் மிஞ்சுவது ரத்தசோகை.

சரியான நாளில் வந்து அதிகமாகப் போவது: நார்க்கட்டி, பாலிப் (உள்ளே வளரும் சிறு சதை), காப்பர்-டி, ரத்தம் உறையாமை. இங்கே ஹார்மோன் பரிசோதனையைவிட ஸ்கேனும் ரத்த அளவும் முக்கியம்.

இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் படுவது, உறவுக்குப் பின் படுவது: கர்ப்பப்பை வாயை டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். இதை ஸ்கேனில் தேடிப் பயனில்லை. வெட்கப்பட்டு "முறையா வரலை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறவர்கள் இதில்தான் அதிகம், அதனால் பரிசோதிக்காமலே திரும்பிப் போகிறார்கள். வாயில் சொல்ல வரவில்லை என்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அதிகம் என்பதை எப்படிச் சொல்வது? எத்தனை நாப்கின், ஒவ்வொன்றும் முழுக்க நனைந்ததா அல்லது சுத்தத்துக்காக மாற்றியதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா, பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி போனதா என்று எழுதுங்கள். துணி பயன்படுத்துகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எழுதினால் போதும்.

9. பரிசோதனைகளை உரிய நாளில் செய்யுங்கள்

"ஹார்மோன் பேக்கேஜ்" என்று விளம்பரம் பார்த்து நீங்களாக எடுக்க வேண்டாம். பணம் போவது ஒரு பக்கம், தப்பான நாளில் எடுத்த அளவு டாக்டரையும் குழப்பும்.

தைராய்டுக்கான டிஎஸ்ஹெச்சை எந்த நாளும் எடுக்கலாம். சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் இரண்டும் மாதவிலக்கின் இரண்டு முதல் ஐந்தாம் நாளுக்குள் எடுப்பது வழக்கம், ஏனென்றால் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மாதக்கணக்கில் வராதவர்களுக்கு எந்த நாள் எடுப்பது என்று டாக்டர் சொல்வார்.

புரோலாக்டினைக் காலையில் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, லேபில் அமைதியாக இருபது நிமிஷம் உட்கார்ந்த பிறகு கொடுங்கள். தூக்கம், ஓட்டம், பயம் எல்லாம் அதை ஏற்றும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து மூச்சிரைக்க ஊசி குத்தக் கொடுத்தால் கொஞ்சம் ஏறித்தான் காட்டும். லேசாக ஏறியிருந்தால் மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்க்காமல் மூளை ஸ்கேன் வரை யோசிக்க வேண்டாம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு லேபில் சொல்லுங்கள். சில கருவிகளில் அது தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ஆண் ஹார்மோன் அளவுக்கும் பொருள் இல்லை.

ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், எல்லோருக்கும் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. போக்கு அதிகம் உள்ளவர்களிடம் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

வயிற்றுவழி ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். கல்யாணம் ஆனவர்களுக்குச் செய்யும் உள்வழி ஸ்கேனுக்கு நேர்மாறாக, சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். எந்த ஸ்கேனாக இருந்தாலும் மாதவிலக்கின் முதல் நாள் தேதியைச் சொல்லி ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். "உட்படலம் 11 மி.மீ." என்று பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர் உண்டு. நாலு நாளில் மாதவிலக்கு வரப்போகிறவருக்கு அது இயல்பான அளவு. தேதி இல்லாத ரிப்போர்ட்டில் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் போக்கு முறை தப்பினால் கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். பயந்து தள்ளிப் போட வேண்டாம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தச் சதைப் பரிசோதனை முடிவு வந்ததா என்று அவரிடம் கேளுங்கள்.

10. "நீர்க்கட்டி" என்று ரிப்போர்ட்டில் வந்தால்

இந்தப் பெயரை வைத்தவரைக் கண்டால் சண்டை போடுவேன். கட்டி என்றதும் ஆபரேஷன், புற்றுநோய், குழந்தை இல்லை என்று மனசு ஓடுகிறது. அவை கட்டிகளே இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன, 2 முதல் 9 மி.மீ. அளவுள்ள முட்டைப் பைகள். அவற்றை உடைக்கவோ கரைக்கவோ எதுவும் இல்லை.

ஸ்கேனில் அப்படித் தெரிவதால் மட்டும் பெரியவர்களுக்கு பிசிஓஎஸ் என்று சொல்லிவிட முடியாது. மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: மாதவிலக்கு முறை தப்பியிருப்பது, ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம், ஸ்கேன் தோற்றம். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்தது இது. இன்றும் அடிப்படை அதுதான். வயதுக்கு வந்து எட்டு வருஷத்துக்குள் ஸ்கேன் தோற்றத்தைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்பது இப்போதைய நடைமுறை, ஏனென்றால் அந்த வயதில் நல்ல சினைப்பையும் அப்படித்தான் தெரியும். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து "நீர்க்கட்டி" முத்திரை குத்துவது எனக்கு உடன்பாடில்லை.

ஆண் ஹார்மோன் அடையாளம் என்றால் மேலுதடு, தாடை, மார்பில் கனத்த முடி, அடங்காத பரு, உச்சியில் முடி மெலிவது. கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கறுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். அம்மாக்கள் அதை அழுக்கு என்று கடலை மாவு போட்டுத் தேய்க்கிறார்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், சர்க்கரை பார்க்க வேண்டும்.

என் அக்கா மகள் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி விடுதியில் தங்கிப் படித்தாள். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தாள். காலை உணவு கிடையாது, தூக்கம் ஐந்து மணி நேரம். மாதவிலக்கு நின்றது. ஒரு ஸ்கேன் மையத்தில் "நீர்க்கட்டி போலத் தெரிகிறது" என்று எழுதிக் கொடுத்தார்கள். உடனே வீட்டில் சோற்றைக் குறை, நட என்றார்கள். "சித்தி, சாப்பிட்டா கட்டி பெருசாயிடுமாம்" என்று போனில் அழுதாள். அவளுக்கு இருந்தது பசி. உடம்பில் வரவு குறைந்தால் மூளை மாதவிலக்கை நிறுத்தி மிச்சம் பிடிக்கும். அப்படி நின்றவர்களில் பலருக்கும் ஸ்கேனில் அதே தோற்றம் தெரியும். ஒருவருக்குச் சொல்லும் வழி மற்றவருக்கு நேரெதிர். எடைக் கணக்கை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிசிஓஎஸ் உறுதியாகி, எடையும் அதிகம் என்றால், இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது. 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களை இளைக்கச் சொல்லிப் பயனில்லை.

எடை எதுவானாலும் ஒரு விஷயம் பொது: மூன்று மாதத்துக்கு மேல் வராமலே விடக் கூடாது. தடித்துக்கொண்டே போகும் உட்படலம் பல வருஷம் கழியாமல் இருந்தால் கெட்ட மாற்றம் அடையலாம். "வராம இருக்கிறது ஒரு விதத்துல நிம்மதிதான் சிஸ்டர்" என்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

11. மருந்து தொடங்கிய பிறகு

மாதவிலக்கை வரவைக்க ஐந்து முதல் பத்து நாளுக்கு ஒரு புரொஜெஸ்டிரோன் மாத்திரை தருவார்கள். மாத்திரை சாப்பிடும்போது வராது. முழுக்க முடித்து நிறுத்திய பிறகு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வரும். மூன்றாம் நாளே "இன்னும் வரலையே" என்று நிறுத்துகிறவர்களும், லேசாகப் பட்டதும் "வந்துடுச்சு" என்று நிறுத்துகிறவர்களும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முடித்து இரண்டு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் கர்ப்பப் பரிசோதனையை மறுபடி செய்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மாதம் 21 நாள் சாப்பிடும் மாத்திரை எழுதினால், கடைக்காரர் "இது கருத்தடை மாத்திரை" என்று சொன்னதும் கல்யாணம் ஆகாத பெண் வீட்டில் கலவரம் ஆகும். ஹார்மோனைச் சீராக்கவும் அதே மாத்திரைதான். முதல் மூன்று மாதம் இடையிடையே படலாம், அதற்காக நிறுத்த வேண்டாம். ஆனால் கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், காலில் ரத்தக்கட்டு வந்த வரலாறு இதில் ஏதாவது இருந்தால் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியானது என்று அவர் அட்டையைக் காட்டி வாங்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான்.

அந்த மாத்திரையோடு வரும் மாதவிலக்கு மாத்திரை வரவைத்தது. உங்கள் சினைப்பை தானாக வேலை செய்கிறதா என்பது நிறுத்திய பிறகுதான் தெரியும். ஆகவே சாப்பிடும் மாதங்களையும் காலண்டரில் வட்டமிட்டு எழுதுங்கள், நிறுத்திய பிறகும் எழுதுங்கள். டிசம்பர் முடிந்து புதுக் காலண்டர் மாட்டும்போது பழையதைப் பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன், அந்த வருஷத்து முதல் நாட்கள் எல்லாவற்றையும் புதியதின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஓபிக்கு வரும்போது அந்த ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வந்தாலே போதும்.